அலுமாரியில் இருந்த முட்டை

புதிய கல்விச் சீர்திருத்தம் அந்தப் பாடசாலைக்கு மூன்று அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கியது. பெட்டிகளுக்குள் ஆசிரியர் வழிகாட்டிகளும் அவதானிப்புப் படிவங்களும் இருந்தன. கிளிநொச்சிக்கு மேற்கே, கடலோரத்துச் சின்ன ஆரம்பப் பாடசாலை அது.

அங்கே இருபத்தாறு வருடமாகத் தரம் ஒன்று என்றால் தவமலர் ரீச்சர்தான். ஊரில் பாதிப்பேருக்குக் கைபிடித்து 'அ' எழுதப் பழக்கியவர். இனிச் சோதனை இல்லை, புள்ளி இல்லை. பிள்ளைகள் தாங்களே செய்துபார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும், ஆசிரியர் அதைக் கவனித்து எழுத வேண்டும் என்றது வழிகாட்டி. ரீச்சர் அதை மூன்று தரம் வாசித்தார். மூன்றாம் தரம் பயம் பிடித்துக்கொண்டது.

அதிபர் நிர்மலன் அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். ஆனால் அந்தப் பாடசாலையில் புதிய முறையை ஒழுங்காகப் படித்துவிட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். ரீச்சர் கொப்பியும் பேனையுமாக அவர் முன்னால் போய் நின்றார்.

"சேர், சோதினையும் இல்லை, புள்ளியும் இல்லை. அப்ப பிள்ளைக்கு விளங்கிட்டுதெண்டு நான் எப்பிடி அறியிறது?"

"பிள்ளை விடை சொல்லேக்க நீங்கள் எங்க பாக்கிறனீங்கள்?"

"பிள்ளையின்ர வாயைத்தான்."

அதிபர் தலையாட்டினார். அவ்வளவுதான். கொப்பியில் எழுத ரீச்சருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"இன்னொண்டு ரீச்சர். மூண்டு கிழமையால கல்விக் கந்தோரிலயிருந்து உங்கட வகுப்பைப் பாக்க வருகினம். சரிவரேல்லையெண்டால் தரம் ஒண்டைப் புதுசாப் பயிற்சி முடிச்ச ஆரிட்டையாவது குடுக்கச் சொல்லுவினம்."

"அப்ப நான்?"

"லைப்ரறிக்கு."

லைப்ரறி என்பது விறாந்தையில் நின்ற ஒரேயொரு புத்தக ராக்கை.

பாவம், அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். வழிகாட்டியில் 'மிதப்பதும் தாழ்வதும்' என்ற பாடத்தைத் தெரிவுசெய்து, பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்க வேண்டியதை அவர்களுக்குப் பாடமாக்கிக் கொடுக்கத் தொடங்கினார். ஒரு பேசின் தண்ணீர், கல், ஆணி, சிரட்டை, பூவரசம் இலை, தன் வீட்டுக் கோழி இட்ட ஒரு முட்டை. கல் தாழும். ஆணி தாழும். சிரட்டை மிதக்கும். இலை மிதக்கும். முட்டை தாழும். கடைசியில் எல்லாரும் கைதட்டி, "நாங்களே கண்டுபிடிச்சிட்டம்!" என்று சொல்ல வேண்டும்.

இருபத்து மூன்று பிள்ளைகளில் இருபத்திரண்டு பேர் இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார்கள். கஜானி மட்டும் எதைக் கேட்டாலும் கொஞ்சம் யோசிப்பாள். யோசித்தால் கோரஸ் குழம்பிவிடும். அதனால் அவளிடம் தண்ணீர் துடைக்கத் துவாயைக் கொடுத்து, பேசினுக்குப் பக்கத்தில் நிறுத்தினார் ரீச்சர்.

இரண்டாம் கிழமை அதிபர் அந்தப் பக்கம் வந்தார். ரீச்சர் பொருட்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்ட, வகுப்பு விடை சொல்லிக்கொண்டிருந்தது. பேசின் காய்ந்து கிடந்தது.

"தண்ணி இல்லையோ ரீச்சர்?"

"பிள்ளையள் சட்டையெல்லாம் நனைக்கினம் சேர். விடைதான் வந்திட்டுதே, பிறகென்னத்துக்குத் தண்ணி?"

"முட்டை?"

"அதே முட்டைதான். பஞ்சில சுத்தி அலுமாரியில பத்திரமா வச்சிருக்கிறன்."

அதிபர் அந்த இரும்பு அலுமாரியைப் பார்த்தார். வெயில் நேரே அதன் முதுகில் விழுந்துகொண்டிருந்தது.

"நல்லது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கந்தோரிலிருந்து அலுவலர் அம்மா வந்த அன்று பேசினில் தண்ணீர் இருந்தது. அதிபரும் அவரும் வகுப்பின் பின்பக்கம் உட்கார்ந்தார்கள். ரீச்சர் கல்லைப் போட்டார். "தாழும்!" என்றது வகுப்பு. ஆணியும் சிரட்டையும் இலையும் குறையில்லாமல் நடந்தன. கடைசியாக முட்டையைப் போட்டுவிட்டு நிமிர்ந்து, பிள்ளைகளின் வாய்களைப் பார்த்தார்.

"தாழும்!"

"கெட்டிக்காரர்" என்றார் ரீச்சர்.

பிள்ளைகள் கைதட்டக் கையைத் தூக்கினார்கள். அப்போதுதான் துவாயோடு நின்ற கஜானி வாயைத் திறந்தாள்.

"ரீச்சர், மிதக்குது."

ரீச்சர் குனிந்து பார்த்தார். முட்டை பேசினின் நடுவே, தலையை வெளியே நீட்டிக்கொண்டு ஆறுதலாக மிதந்தது.

லைப்ரறி ராக்கை ரீச்சரின் கண்ணுக்குள் வந்து நின்றது. அடுத்து என்ன சொல்வது என்று வழிகாட்டியில் இல்லை, ஒத்திகையிலும் இல்லை. அதனால் உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

"பிள்ளை, ஏன் மிதக்குது?"

கஜானி வழக்கம்போல யோசித்தாள். இந்த முறை ரீச்சர் காத்திருந்தார். வேறு வழியும் இருக்கவில்லை.

"கூழ்முட்டை ரீச்சர். அம்மா அடை வைக்கேக்க தண்ணியில போட்டுத்தான் பாக்கிறவ."

"எங்கட வீட்டிலயும்!" என்று இன்னொரு பிள்ளை எழுந்தது. "அப்ப சிரட்டையைக் கவிட்டுப் போட்டால்?" என்று வேறொன்று கேட்டது. கேட்ட பிள்ளையே ஓடிவந்து போட்டும் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் வகுப்பு முழுக்கப் பேசினைச் சுற்றி நின்றது. சட்டைகள் நனைந்தன. மணி அடித்தது ஒருவர் காதிலும் விழவில்லை.

அலுவலர் அம்மா போகும்போது கஜானியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு அதிபரிடம் சொன்னார்: "அடுத்த தவணையும் வருவன். இதே ரீச்சரைத்தான் பாக்க வேணும்."

பின்னேரம் ரீச்சர் அவதானிப்புப் படிவங்களோடு அதிபரின் அறைக்குப் போனார்.

"கஜானிக்கு எழுதிட்டன் சேர். மற்ற இருபத்திரண்டு பேருக்கும் என்ன எழுதிறது?"

"என்ன கண்டியள்?"

"முட்டை கண்ணுக்கு முன்னால மிதக்குது. அதுகள் தாழும் எண்டு சொல்லுதுகள்."

"அதை எழுதுங்கோ."

"அது பிள்ளையளின்ர பிழையில்லை சேர். நான் சொல்லிக் குடுத்தது."

"அப்ப அதையும் எழுதுங்கோ."

ரீச்சர் எழுதினார். எழுதி முடித்துப் பேனையை மூடும்போது, ரீச்சருக்கு அந்த இரும்பு அலுமாரி ஞாபகம் வந்தது.

"சேர், அண்டைக்கு வந்து முட்டையைப் பற்றிக் கேட்டனீங்கள். பழுதாப் போகுமெண்டு உங்களுக்கு அப்பவே தெரியும்தானே?"

"ஓம்."

"என்ர வகுப்பே போயிருக்கும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமெல்லே?"

"சொல்லியிருந்தால் புது முட்டை கொண்டு வந்திருப்பியள்" என்றார் அதிபர்.