பின்வாசல் வழியே போனவை

ஊரெல்லாம் உலக்கைச் சத்தம் கேட்டு விழித்துக்கொண்ட ஒரு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் ஆலங்கோடு என்றொரு நாட்டை மருதவேள் என்ற அரசன் ஆண்டுவந்தான். கேளுங்கள், அவன் கெட்டவன் அல்ல. அவன் செய்த பிழையும் அன்பினால் செய்ததுதான்.

அவன் சிறுவனாக இருந்தபோது பகைவர்கள் கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழு ஆண்டுகள் அவன் காட்டில் ஒளிந்து வாழ்ந்தான். அவனோடு இருந்தவன் கொற்றன். அவனும் சிறுவன்தான், ஆனால் ஆறு பெருகினால் மருதவேளைத் தோளில் தூக்கிக் கடப்பான். இருவரும் ஒரே சட்டியில் சிவப்பரிசிக் கஞ்சி குடித்தார்கள். முருங்கைக்கீரையை உருவிப் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். நெல்லிக்காயைக் கடித்துவிட்டுச் சுனைநீர் குடித்தால், அந்தத் தண்ணீர் இனித்தது. அதுதான் அவர்களுடைய பலகாரம்.

பிறகு நாடு திரும்பக் கிடைத்தது. முடி சூடிய அன்றே அரசன் மூன்று ஆணைகள் இட்டான். அரண்மனை அடுப்பில் சிவப்பரிசி ஏறக் கூடாது. கீரை ஏறக் கூடாது. நெல்லிக்காய் வாசற்படி தாண்டக் கூடாது.

"அவை பட்டினியின் உணவு" என்றான். "இனி மல்லிகைப் பூப் போன்ற சோறு, தேங்காய்ப்பால், சர்க்கரை. என்னோடு பட்டினி கிடந்த கொற்றனும், அவன் கீழ் இருக்கும் காவலர்களும் நான் உண்பதையே உண்ணட்டும்."

கொற்றன் கண் கலங்கிப் போனான். கோட்டைக் காவலர் தலைவனான அவன் அன்று முதல் அரசனின் சோற்றையே உண்டான்.

சோறு மல்லிகையாக வேண்டுமென்றால் நெல்லை மூன்று முறை குத்த வேண்டும். முதல் குத்தில் உமி போகும். இரண்டாம் குத்தில் சிவப்பு பாதி போகும். மூன்றாம் குத்தில் மீதியும் போகும். அப்படி உதிர்ந்த தவிடுதான் நெல் குத்தும் பெண்களுக்குக் கூலி. மாலையில் அதை முறத்தில் அள்ளிக்கொண்டு பின்வாசல் வழியே போவார்கள். தோட்டத்தில் வீணாகக் கிடந்த முருங்கைக்கீரையையும், மரத்தடியில் உதிர்ந்த நெல்லிக்காயையும் மடியில் கட்டிக்கொள்வார்கள். யாரும் தடுத்ததில்லை.

மூன்று மழைக்காலம் கழிந்தது. அரசனுக்கு உடல் சோர்ந்ததோடு நின்றது; காவலர்களுக்கோ நோய் கண்டது. சிலருக்குக் கால் வீங்கி மரத்துப்போனது. சிலருக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை. சிலருக்கு ஈறில் இரத்தம் கசிந்தது. கொற்றனுக்குக் காலும் போனது, மாலையானால் கண்ணும் போனது. ஆற்றை நீந்திக் கடந்தவன் சுவரைப் பிடித்து நடந்தான்.

வைத்தியர் எண்ணெய் தேய்த்தார், பயனில்லை. கஷாயம் கொடுத்தார், பயனில்லை. தாயத்துக் கட்டினார், பயனில்லை. "கொற்றனுக்கு இதயமும் தளர்கிறது, அடுத்த அறுவடையைப் பார்க்க மாட்டார்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

அப்போது மடைப்பள்ளி அதிகாரி நாகணன் வந்து நின்றான்.

"அரசே, ஒன்று கவனித்தேன். கோட்டையில் எல்லாரும் வாடுகிறார்கள். நெல் குத்துகிறவள் மட்டும் வாடவில்லை. அவள் பிள்ளைகள் வாடவில்லை. அவள் வீட்டு மாடுகூட வாடவில்லை. நம் சோற்றின் சத்தை ஏதோ மந்திரம் போட்டு எடுத்துப் போகிறார்கள்."

பெண்களின் தலைவி காத்தாயியை அழைத்து வந்தார்கள். குற்றம் உண்மையானால் அவளுடைய கூட்டம் முழுவதும் நாட்டை விட்டுப் போக வேண்டும். வழியெல்லாம் மற்றப் பெண்கள் அவள் காதில் ஓதினார்கள்: "தவிட்டைப் பத்தி வாயத் திறக்காத காத்தாயி. கூலியும் போயிரும்."

அரசன் கேட்டான்: "என் சோற்றின் சத்தை நீங்கள் எடுத்துப் போனீர்களா?"

காத்தாயி ஒரு கணம் கொற்றனைப் பார்த்தாள். தூணில் சாய்ந்திருந்த அவன் பாதங்கள் ஊறிய கிழங்குபோல் இருந்தன.

"ஆமா ராசா, எடுத்துட்டுதான் போனோம்."

சபை அதிர்ந்தது. நாகணன் மீசையைத் தடவிக்கொண்டான்.

"மந்திரமெல்லாம் இல்ல. பின்வாசல் வழியா, இதோ இந்த மடைப்பள்ளிக்காரரு கண்ணு முன்னாடிதான் எடுத்துட்டுப் போனோம். நீங்கதானே வேணாம்னு தள்ளினீங்க."

"தவிடு மாட்டுத் தீனி" என்றான் நாகணன்.

"அதான் மாடு நிக்குது, நீங்க நிக்கலை" என்றாள் அவள். யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

அவள் அரசனிடம் திரும்பினாள். "எனக்கு வைத்தியம் தெரியாது. பார்த்ததைச் சொல்றேன். வெள்ளைச் சோறு ஓடுறதுக்குத் தெம்பு தரும், சரி. அந்தத் தெம்பு காலுக்குப் போய்ச் சேரணும்னா தவிடு வேணும். தேங்காய்ப்பால் உடம்புச் சூட்டைக் காக்கும், சரி. தேஞ்ச சதை வளரப் பயறு வேணும், கொள்ளு வேணும். அந்தி வெளிச்சத்துல கண்ணு தெரியக் கீரை வேணும். ஈறு இறுக, புண்ணு ஆற நெல்லி வேணும். ஒண்ணு செய்யுற வேலைய இன்னொண்ணு செய்யாது ராசா. நாங்க பத்துப் பேரு உலக்கை போடுறோம், ஒருத்தி வரலைன்னா தாளம் தப்பிப் போகும்ல, அது மாதிரி."

"கொள்ளா? அது குதிரைக்கு" என்றான் நாகணன்.

"குதிரை ஓடுதா இல்லையா?"

அரசன் கொற்றனின் பாதங்களைப் பார்த்தான். பிறகு, "ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள் தருகிறேன். கொற்றன் நீ சமைப்பதை உண்ணட்டும். அவன் எழுந்தால் நீங்கள் இருக்கலாம்" என்றான்.

அன்றே நெல் குத்தும் கொட்டகையில் அடுப்பு மூட்டினாள் காத்தாயி. அரசனும் யாருக்கும் தெரியாமல் அங்கே வந்தான். சட்டியில் சிவப்பரிசி கொதித்தது. ஆவி முகத்தில் பட்டதும் அவன் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. மழையில் நனைந்த காட்டு மண், புகை, பக்கத்தில் உட்கார்ந்து சட்டியைத் தன் பக்கம் இழுக்கும் சிறுவன் கொற்றன், எல்லாம் அவன் கண்முன் வந்தன. பட்டினி என்று எதை அவன் வெறுத்தானோ, அதன் மணம் இது. அந்த ஏழு ஆண்டுகளில் தாங்கள் இருவரும் ஒரு நாள்கூட நோயில் படுத்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

அவன் ஓர் அகப்பை மொண்டு ஊதிக் குடித்தான். யாரும் பார்க்கவில்லை, காத்தாயியைத் தவிர. அவள் பார்க்காததுபோல் விறகைத் தள்ளினாள்.

பத்தாம் நாள் கொற்றனின் வீக்கம் வடிந்தது. இருபதாம் நாள் சுவரை விட்டு நடந்தான். மண்டலம் முடிந்த நாள் மாலை, அரசன் கோட்டைக் கோபுரத்தின் உச்சியில் காத்திருந்தான். எழுபது படிகள். சூரியன் மறைந்து, வெளிச்சம் மெல்ல வடிந்துகொண்டிருந்தது.

காலடிச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

கொற்றன் மூச்சு வாங்கக் கடைசிப் படியில் ஏறி நின்றான். மங்கிய ஒளியில் அரசனையே உற்றுப் பார்த்தான். முடி சூடிய நாள் முதல் அவன் "அரசே" என்றுதான் அழைத்து வந்தான். அன்று அதை மறந்துவிட்டான்.

"மருதா, உன் காதுக்கு மேல ஒரு நரை முடி இருக்கு."

அரசன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அழுததைக் கொற்றன் கண்டான், கண் நன்றாகத் தெரிந்ததால்.

மறுநாள் மூன்று ஆணைகளும் நீங்கின. தவிடு அரிசியிலேயே நின்றால் பெண்களுக்கு என்ன கூலி என்று அரசன் கேட்டான். "ரெண்டு குத்தோட நிறுத்துங்க ராசா. பாதி உங்க அரிசியில இருக்கட்டும், பாதி எங்க முறத்துல" என்றாள் காத்தாயி. அப்படியே ஆயிற்று; மற்றக் காவலர்களும் மெல்லத் தேறினார்கள். அந்தக் கொட்டகையில் உலக்கைகள் ஒரே தாளத்தில் வெகுகாலம் ஒலித்தன.

ஆகவே கேட்டவர்களே, இதை மனத்தில் வையுங்கள்: உடம்பு கேட்பது ஒன்றல்ல பல, அவற்றில் எளியது என்று நாம் தள்ளுவதே நம்மைத் தாங்கி நிற்பதாக இருக்கலாம்.