தன் கயிற்றில் இறங்கியவன்

மலைத்தேன் எடுத்துப் பிழைத்தவர்கள் மலை முழுதும் வாழ்ந்த காலம் ஒன்று உண்டு, குழந்தைகளே. அந்தக் காலத்தில் பூவை என்றொரு பெண் இருந்தாள். அவள் கணவன் கொற்றன், செங்குத்தான பாறையில் கயிறு கட்டி இறங்கி, அந்தரத்தில் தொங்கியபடி தேனடை அறுப்பவன். அங்கிருந்து கீழே பார்த்தால் ஆறு ஒரு வெள்ளை நூல் போலத் தெரியும்.

ஓர் ஆண்டு இறங்கிய கயிற்றில் மறு ஆண்டு இறங்குவதில்லை என்பது அந்த மலையின் வழக்கம். புதுக் கயிற்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவள் மனைவி. அறுந்தால் அழப்போகிறவள் அவள்தானே!

அந்த ஆண்டு மூன்று கயிற்று வணிகர்கள் வந்தார்கள்.

முதலாமவன் கயிற்றுக்கு மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் ஏற்றி, நுனியில் குஞ்சம் கட்டியிருந்தான். இரண்டாமவன் தம்பட்டம் அடிக்க ஆள் வைத்திருந்தான். "என் கயிறு அறுந்தால் என் தலையை எடுத்துக்கொள், தங்கச்சி!" என்று சத்தியம் செய்தான். மூன்றாமவன் பெயர் நெடுவன். "நல்ல கயிறுதான் அம்மா" என்றான். அதற்கு மேல் பேசவில்லை.

"குஞ்சம் வைத்ததையே வாங்கு. பார்க்க அழகாக இருக்கிறது" என்றான் கொற்றன்.

"அதில் தொங்கப் போகிறாயா, மாலையாகப் போட்டுக்கொள்ளப் போகிறாயா?" என்றாள் பூவை.

மூன்றையும் இழுத்துப் பார்த்தாள். கைக்கு மூன்றும் ஒன்றுபோலவே இருந்தன. உள்ளே நார் இற்றிருந்தால் வெளியே தெரியாது. அவள் யோசித்தாள். சாயம் யாரும் ஏற்றலாம். சத்தியம் யாரும் செய்யலாம். கெட்ட கயிறு விற்பவனால் செய்ய முடியாதது எது?

"நாளைக் காலை பாறைக்கு வாருங்கள். தன் கயிற்றில் தானே இறங்கிக் காட்டுபவரிடம் வாங்குகிறேன்" என்றாள்.

காலையில் முதலாமவன் வரவில்லை. சாயம் போய்விடும் என்று சொல்லி அனுப்பினான்.

இரண்டாமவன் தம்பட்டத்தோடு வந்தான். பாறை விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தான். தம்பட்டம் நின்றது. "கயிற்றில் ஒரு குறையும் இல்லை, தங்கச்சி. என் முழங்காலில்தான் கொஞ்சம் வலி" என்றான்.

நெடுவன் உடனே இறங்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தரையில் உட்கார்ந்து கயிற்றைச் சாண் சாணாக விரலில் உருட்டினான். புரியைப் பிரித்து மோந்து பார்த்தான். ஒரு சுருளை ஒதுக்கி வைத்தான். "இது மாடு கட்ட ஆகும், ஆள் இறங்க ஆகாது" என்றான்.

"பார்த்தாயா! அவன் கயிற்றை அவனே நம்பவில்லை. வா, போகலாம்" என்று கொற்றன் முணுமுணுத்தான்.

"இறங்கப் போகிறவன் இப்படித்தான் பார்ப்பான். இரு" என்றாள் பூவை.

நெடுவன் வேறொரு சுருளை எடுத்தான். அதையும் முழுக்கச் சோதித்தான். மரத்தில் கட்டி, இடுப்பில் முடிந்து, இறங்கினான். தலை மறைந்தது. கயிறு விறைத்து முனகியது.

கீழிருந்து குரல் வந்தது. "அம்மா! தேன் இருக்கிறது! தேனீயும் இருக்கிறது! சீக்கிரம் இழுங்கள்!"

வீங்கிய முகத்தோடு மேலே வந்தான் நெடுவன். அவன் இடுப்பிலிருந்து அவிழ்த்த அதே கயிற்றைப் பூவை வாங்கினாள். கொற்றன் அதில் இறங்கினான். தேனோடு திரும்பி வந்தான்.

பொய்யனும் எளிதாகக் காட்டக்கூடிய அடையாளத்தை விட்டுவிட்டு, பொய்யன் காட்டத் துணியாத அடையாளத்தையே நம்ப வேண்டும்.