நாற்பது கேமராவும் ஒரு கைடும்

எறும்புத்தின்னியை ஆராய்ந்து முனைவர் பட்டம் வாங்க, செண்பகவல்லி மூன்று வருஷம் மலைக்காட்டில் அட்டைக்கடி பட்டாள். அவளுடைய கைடு தணிகாசலமோ ஏசி அறையை விட்டு நகர்ந்தவரில்லை. ஆனால் வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்த் தேர்வாளர் முன்னால் அளந்துவிட்டார்.

"பாதி நாள் காட்டில் அலைஞ்சது நான்தான். அதனால ஆய்வுக் கட்டுரையில் முதல் பேர் என்னுது. என்னம்மா, சரிதானே?"

மறுத்தால் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து விழாது.

"சரிதான் சார்," என்றாள் அவள். "காட்டில் நாற்பது தானியங்கி கேமரா கட்டியிருந்தேன். யானை, கரடி, ரெண்டே தடவை வந்த எறும்புத்தின்னி, எல்லாம் அதில் பதிவாகியிருக்கு. உங்க படம்தான் ஒண்ணுகூட இல்லை. அதுக்காக நீங்க வரவே இல்லைன்னு எழுதறது நம்ம துறையில் தப்பு. 'மிக அரிதாகத் தென்படுவது'ன்னு போட்டுக்கட்டுமா சார்?"

தேர்வாளருக்கு டீ புரையேறியது. தணிகாசலம் கையெழுத்துப் போடப் பேனாவைத் தேடினார்.