முதல் தேர்

பகைவர் முரசு நெருங்க நெருங்க, விருகசேன மகாராஜாவுக்கு முடியை மூத்த மகன் தலையில் வைத்துவிட அவசரம். ஆனால் இரண்டு ராணிகளும் ஒரே நாளில் பிள்ளை பெற்றவர்கள். "என் மகன்தான் மூத்தவன்!" என்று இருவருமே அடம்பிடித்தார்கள்.

பேறு பார்த்த மருத்துவச்சி நாகையைச் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"எவன் மூத்தவன்? பொழுது சாய்வதற்குள் சொல். இல்லையென்றால் உன் தலை போகும்" என்றார் மகாராஜா.

யார் பெயரைச் சொன்னாலும் இன்னொரு ராணி விடமாட்டாள். நாகை சபையில் இருந்த இரண்டு ராணிகளையும் ஒருமுறை பார்த்தாள்.

"சொல்கிறேன், மகாராஜா. முடி சூடியவர்தான் போரில் முதல் தேரில் நிற்பது உங்கள் குலவழக்கம். எந்த இளவரசருக்குத் தேர் பூட்டுவது?"

"என் மகன் இளையவன்!" என்று இரண்டு ராணிகளும் ஒரே குரலில் அலறினார்கள்.

நாகை கைகூப்பினாள். "அப்படியானால் முடி தங்கள் தலையிலேயே இருக்கட்டும், மகாராஜா. தேரைப் பூட்டச் சொல்லட்டுமா?"