எடை குறையாத விளையாட்டுகள்

மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை போதும் என்று படைத்தவன் நினைத்திருக்க வேண்டும். அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அதை மூவரில் யாரிடம் கொடுப்பது என்று யோசித்து யோசித்துக் கடைசியில் தானே வைத்துக்கொண்டான். அந்த மூவரும் தென்காசியில் வேலாயுதம் அண்ணாச்சியின் கேம் சென்டரில் வேலை பார்த்தார்கள். கோமதிநாயகம், சுடலைக்கண்ணு, இசக்கியப்பன்.

கோமதிநாயகம்தான் தலைவன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. மூவரும் வழி தவறிப் போன ஒரு நாளில் அவன் முன்னால் நடந்துகொண்டிருந்தான், அவ்வளவுதான். இதற்கு முன் அவன் ஒரு நவதானிய மண்டியில் இருந்தான். அங்கே மூட்டை உள்ளே வந்தாலும் எடை போடுவார்கள், வெளியே போனாலும் எடை போடுவார்கள். மண்டியில் அவன் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். அதை மட்டும் மறக்கவே இல்லை.

ஒருநாள் காலை அண்ணாச்சி ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். டிவியில் மாட்டி விளையாடிய பழைய காலத்து வீடியோ கேம்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. அவர் பல வருஷமாக ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவை. எமுலேட்டர் என்று ஒரு மென்பொருள் உண்டு. அதைப் போட்டால் அந்தப் பழைய மிஷின் இல்லாமலே கம்ப்யூட்டரில் விளையாடலாம்.

"ஏலே, நல்லாக் கேட்டுக்கோங்க" என்றார் அண்ணாச்சி. "சாயங்காலம் திருவிழாக் கமிட்டித் தலைவர் வாராரு. நம்ம விளையாட்டு பிடிச்சாத்தான் தேரடிப் பக்கம் ஸ்டால் தருவாரு. உள்ள எல்லாம் கன்னாபின்னான்னு கெடக்கு. மொதல்ல மொத்தத்துக்கும் ஒரு பேக்கப் எடுங்க. எந்த மிஷின் விளையாட்டோ அந்த மிஷின் ஃபோல்டர்ல போடுங்க. ரெண்டு தடவை இருக்கறது எல்லாத்தையும் அழிச்சிருங்க. கடைசியில குப்பையக் கொட்டிருங்க."

"ஸ்டால் கெடைச்சா அதுல ஆரு உக்காருவா அண்ணாச்சி?" என்று கேட்டான் கோமதிநாயகம்.

"நீதாம்ல. ஒழுங்கா முடி."

கோமதிநாயகம் அப்போதே சட்டையை இழுத்து விட்டுக்கொண்டான். அவன் மாமனார் வீட்டார் வருஷம் தவறாமல் தேர் பார்க்க வருவார்கள். ‘மாப்பிள்ளை என்ன பண்ணுதாரு?’ என்று யாராவது கேட்டால் மாமனார் உடனே மழை தண்ணியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். இந்த வருஷம் மேலே விளக்கு, முன்னால் கூட்டம், நடுவில் நாற்காலி, நாற்காலியில் தான். அதை மாமனார் ஒருதரம் பார்த்துவிட்டால் போதும்.

அண்ணாச்சி போனதும் அவன் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் காய்கறிக் கடைக்குப் போனான்.

"பேச்சியக்கா, இதை எடை போடுங்க."

பேச்சியக்கா தக்காளியை எடுத்துவிட்டுத் தராசில் வைத்தாள். இருநூற்று முப்பது கிராம் காட்டியது. அதை உள்ளங்கையில் எழுதிக்கொண்டான். "அடுத்தவுக பொருளு. நாளைக்கு ஒன்னு குறையுதுன்னு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க" என்றான். பேச்சியக்கா டிஸ்க்கை அவன் கையில் கொடுத்துவிட்டு மறுபடி தக்காளியை ஏற்றினாள். அவளுக்கு வியாபார நேரம்.

நல்ல காரியம் என்பதால் டிஸ்க்குக்குச் சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டினார்கள். சந்தனம் தாராளமாகவே தடவினான் இசக்கியப்பன். பிறகு சொன்னபடி பேக்கப் எடுத்தார்கள். அதைத் தனியாக வேறொரு இடத்தில் வைக்க சுடலைக்கண்ணுவுக்கு மனம் வரவில்லை. "பக்கத்துலயே கெடக்கட்டும். ஒன்னுக்கொன்னு துணை" என்று அதே டிஸ்க்கிலேயே வைத்தான்.

அடுத்து ஃபோல்டர் பிரிக்கும் வேலை. பாம்பு விளையாட்டும் தவளை விளையாட்டும் ஒரே மிஷினுக்கு உரியவை என்று தெரிந்ததும் வேலை நின்றது.

"அண்ணாச்சி ரெண்டையும் ஒரே ஃபோல்டர்ல போடச் சொல்லிருக்காவ" என்றான் இசக்கியப்பன்.

"போட்டா தவளை மிஞ்சுமால?" என்றான் சுடலைக்கண்ணு.

"மிஞ்சாது. ஆனா சொன்னதை மீறவும் முடியாது."

கோமதிநாயகம் கண்ணை மூடி யோசித்தான். பிறகு தவளையை முதலிலும் பாம்பைக் கடைசியிலும் வைத்து, நடுவில் ஒரு துப்பாக்கி விளையாட்டைக் காவலுக்கு வைத்தான். கார்ப் பந்தயங்களை, வண்டி எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று, திரையின் ஓரமாகப் போட்டார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகுமுன் இசக்கியப்பன் தவளையை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

சாப்பிட்டு வந்ததும் அடுத்த வேலை. ரெண்டு தடவை இருப்பதை அழிக்க வேண்டும். தேடிப் பார்த்தால், ஆச்சரியம், ஒன்று பாக்கியில்லாமல் எல்லா விளையாட்டும் ரெண்டு தடவை இருந்தது.

"பாத்தியாலே, அண்ணாச்சி எம்புட்டு அசால்ட்டா வச்சிருக்காவ" என்று வருத்தப்பட்டான் சுடலைக்கண்ணு. "இதுல எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்டு?"

"இதைப் பாத்தா அது டூப்ளிகேட்டு மாதிரி இருக்கு. அதைப் பாத்தா இது" என்றான் இசக்கியப்பன்.

"ஒன்னை வச்சுக்கிட்டு ஒன்னை அழிச்சா அது ஓரவஞ்சனை" என்று தீர்ப்புச் சொன்னான் கோமதிநாயகம். "அண்ணாச்சி என்ன சொன்னாவ? ரெண்டு தடவை இருக்கறது எல்லாத்தையும் அழி. இது எத்தனை தடவை இருக்கு?"

"ரெண்டு தடவை."

"அது?"

"அதுவும் ரெண்டு தடவைதான்."

"அப்புறம் என்னல யோசனை."

எல்லாவற்றையும் அழித்தார்கள். தவளையை அழிக்கும்போது மட்டும் இசக்கியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அழித்ததெல்லாம் கம்ப்யூட்டரின் குப்பைத்தொட்டிக்குள் போய் நின்றது. கடையில் குப்பை இருக்கக் கூடாதே, அதையும் கொட்டினார்கள். பிறகு தரையைக் கூட்டித் துடைத்து, ஊதுபத்தி ஏற்றி, தலை சீவிக்கொண்டு காத்திருந்தார்கள்.

சாயங்காலம் அண்ணாச்சி கமிட்டித் தலைவரோடு வந்தார். ஒரு ஃபோல்டரைத் திறந்தார். காலி. அடுத்ததைத் திறந்தார். அதுவும் காலி. எல்லா ஃபோல்டரும் பெயர் எழுதி, வரிசையாக, துடைத்து வைத்த தகரச் சம்படங்கள் போல இருந்தன.

"விளையாட்டெல்லாம் எங்கல?"

"ரெண்டு தடவை இருந்துச்சு அண்ணாச்சி. அழிச்சாச்சு" என்றான் கோமதிநாயகம்.

"பேக்கப்பு?"

"அதுலயும் அதே விளையாட்டுதான் இருந்துச்சு அண்ணாச்சி. அதையும் அழிச்சாச்சு."

"குப்பைத்தொட்டியில கெடக்குமேல?"

"அதை அப்பவே கொட்டியாச்சு. நீங்க கவலையே பட வேண்டாம்."

அண்ணாச்சி காலி ஃபோல்டர்களை மறுபடி ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தார். கோமதிநாயகத்தின் மனசுக்குள் விளக்கு அணைந்தது, கூட்டம் கலைந்தது, மாமனார் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்போதுதான் அவனுக்கு உள்ளங்கை ஞாபகம் வந்தது. டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு பேச்சியக்கா கடைக்கு ஓடினான். எல்லாரும் பின்னால் ஓடினார்கள்.

சந்தனம் குங்குமத்தோடு டிஸ்க்கை வைத்ததும் தராசு இருநூற்று முப்பத்திரண்டு கிராம் காட்டியது. அவன் உள்ளங்கையைப் பார்த்தான், தராசைப் பார்த்தான், மறுபடி உள்ளங்கையைப் பார்த்தான். போன உயிர் திரும்பி வந்தது.

"அண்ணாச்சி, ஒரு விளையாட்டுகூடப் போகல. காலையில இருந்ததுக்கு ரெண்டு கிராம் கூடத்தான் இருக்கு."

கமிட்டித் தலைவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "எடை சரியாத்தான இருக்கு வேலாயுதம், எதுக்கு இந்தப் பதட்டம்? ஸ்டால் உமக்குத்தான்" என்றார். அண்ணாச்சி உருளைக்கிழங்கு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

இசக்கியப்பன் மட்டும் தராசையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"கூட இருக்கற அந்த ரெண்டு கிராமு டூப்ளிகேட்டாத்தான் இருக்கும். அழிச்சிரவா?"

"அவசரப்படாதல" என்றான் கோமதிநாயகம். "மொதல்ல ஒரு பேக்கப் எடு."