சீரங்கன் காரின் முனகல்

ஆளே இல்லாத கார் முனகி நீங்கள் கேட்டதுண்டா?

கேட்டிருக்க மாட்டீர்கள். அன்றைக்கு உச்சிப்பொழுது வரைக்கும் வையாபுரியும் கேட்டதில்லை.

மலைப்பாதை ஏறத் தொடங்குகிற இடத்தில் இருந்தது பவளக்கொடியின் பட்டறை. மேலே தகரம், கீழே ஆயில் குடித்துக் கறுத்துப்போன மண். மலை ஏறி இறங்கும் வண்டிகளுக்கு ஸ்பிரிங், ஷாக், புஷ் என்று அடிவயிற்று வேலை பார்ப்பது அவள் தொழில். அவளுக்கு முப்பது வயசு தாண்டியிருக்கும். வையாபுரிக்கு ஐம்பது. லாரி ஓட்டி அலுத்துப்போய், கைத்தொழில் ஒன்று கற்றுக்கொள்கிறேன் என்று அவளிடம் வந்து சேர்ந்தவர். அவர் அவளை மேஸ்திரி என்பார். அவள் அவரை அண்ணா என்பாள். பார்ப்பவர்களுக்குத்தான் யார் குரு, யார் சீடன் என்று குழம்பும். அவர்களுக்குக் குழப்பம் கிடையாது.

வையாபுரிக்குத் தன் கைப்பலத்தில் ஒரு பெருமை. அவர் முடுக்கிய நட்டைக் கழற்ற அவர்தான் வரவேண்டும் என்று அந்தப் பக்கத்து டிரைவர்கள் கேலி பேசுவார்கள். அதைக் கேட்டால் அவருக்கு இரண்டு டீ குடித்த மாதிரி இருக்கும்.

அன்றைக்கு மலையிலிருந்து சீரங்கன் தன் காரை இறக்கிக்கொண்டு வந்து பட்டறை முன்னால் நிறுத்தினான். முன் பம்பரிலும் பின் பம்பரிலும் வேப்பிலைக் கொத்து. ஸ்டியரிங்கில் பூசாரி கட்டிய கறுப்புக் கயிறு. பின்னாலேயே பால் வேனிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். அதே ஊர்க்காரி, பூவாயி.

“கார் வர்றப்ப பால் வேன்ல எதுக்கு வந்தே கண்ணு?” என்றார் வையாபுரி.

அவள் காரைவிட்டுத் தள்ளிப் போய் நின்றாள். சீரங்கன்தான் சொன்னான்.

“இதுல யாரும் ஏறமாட்டேங்குறாங்கண்ணா. அதுக்குத்தான் வந்திருக்கோம்.”

“ஏன், நீ ஓட்டுற லட்சணம் அப்படியா?”

சீரங்கன் சிரிக்கவில்லை. “கொஞ்சம் சும்மா இருங்க. கேக்கும்.”

என்ஜின் அணைந்திருந்தது. கதவெல்லாம் சாத்தியிருந்தது. வெயில் நெட்டுக்குத்தலாக நின்றது. புளியமரத்தில் ஒரு இலை அசையவில்லை.

அப்போது பின் சீட்டுப் பக்கமிருந்து அது வந்தது. நீளமாக, அடித்தொண்டையிலிருந்து, பல்லைக் கடித்து வலி பொறுக்கிற ஒரு பொம்பளையின் முனகல். அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது இன்னும் ஒரு இழை இழுத்தது. பிறகு நின்றது.

வையாபுரி குனிந்து சீட்டைப் பார்த்தார். சீட்டில் வெயில்தான் உட்கார்ந்திருந்தது.

பூவாயி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“என்ன நடந்துச்சு?” என்று கேட்டுக்கொண்டே பவளக்கொடி உள்ளிருந்து வந்தாள்.

சீரங்கன் சொன்னான். “பூவாயியோட அம்மா, வெள்ளையம்மாக்கா. போன மாசம் வயித்து வலின்னு துடிச்சாங்க. ஊர்ல ஒரு ஆள் இல்ல, எல்லாம் மிளகு பறிக்கப் போயிட்டாங்க. நான் மட்டும்தான். பின் சீட்டுல இடப்பக்கம் சாய்ச்சு உட்கார வச்சுக் கூட்டியாந்தேன். ஒவ்வொரு வளைவுலயும் முனகினாங்க. முனகுறாங்கல்ல, உசிரு இருக்குன்னு நானும் திரும்பிப் பார்க்காம மிதிச்சு வந்தேன். கீழ டாக்டரு தொட்டுப் பார்த்துட்டு, இவங்க போயி ரொம்ப நேரமாச்சே, உடம்பு சில்லிட்டுக் கெடக்கேன்னாரு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன. அவங்களை எறக்கின பெறகும் முனகல் நிக்கல.”

வையாபுரிக்கு முதுகில் வேர்வை ஒரு கோடாக இறங்கியது.

பூவாயி காதிலிருந்து கையை எடுத்தாள். “ஊர்ல என்னைத்தான் கேக்குறாங்கக்கா. அது உங்கம்மா குரல்தானா, போய்க் கேட்டுட்டு வந்து சொல்லுன்னு. நான் ஆமான்னு சொன்னா இந்த வண்டி இனி மலை ஏறக்கூடாதாம். பால் வேன் ஒரு நாளைக்கு ஒரு தரம்தான். மத்த நேரத்துக்கு மேல எங்களுக்கு இருக்குறது இது ஒண்ணுதான்.”

“நீ என்ன சொல்லப்போறே?”

“தெரியல. சத்தம் வந்தாலே காதைப் பொத்திக்கிறேன். எங்கிருந்து கேக்குறது?” சற்று நிறுத்தி மறுபடி சொன்னாள். “நாலு நாள் முந்தி ஒருத்தனைப் பாம்பு கடிச்சுது. போர்வையில தொட்டில் கட்டித் தூக்கிட்டு நடந்தாங்க. வண்டி வாசல்ல நிக்குது, ஒருத்தரும் தொடல. பொழச்சுட்டான். கால் போயிருச்சு.”

பவளக்கொடி தலையாட்டினாள். “அண்ணா, பாருங்க” என்று வையாபுரியிடம் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

வையாபுரி உடனே குனியவில்லை. காரணம், அந்தக் காரின் பின்பக்கத்தைக் கடைசியாகத் தொட்ட கை அவருடையது.

பின் சக்கரத்தை வண்டியின் உடம்போடு சேர்த்துப் பிடிக்கிற இரும்புக் கை ஒன்று உண்டு. நமக்குத் தோள்மூட்டு இருக்கிறதல்லவா, அதுபோல அந்தக் கை உடம்போடு சேருகிற இடத்தில் ஒரு ரப்பர் புஷ், அதன் நடுவே ஒரு போல்ட். சக்கரம் குழியில் இறங்கினாலும் கல்லில் ஏறினாலும் அந்த ரப்பர்தான் முறுகிக் கொடுத்து, மறுபடி தன் நிலைக்கு வரும். சீரங்கன் வண்டியில் பழைய ரப்பர் வெடித்துப்போயிருந்தது. அதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதுசு போட்டது வையாபுரி. வெள்ளையம்மா செத்ததற்கு ஒரு வாரம் முந்தி.

அவர் பயத்தை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு வேலையைப் பார்த்தார். வண்டியின் பின்மூலையை உள்ளங்கையால் அமுக்கி விட்டார். ஒரு தரம் எழும்பி அப்படியே நின்றது. ஷாக் நன்றாக இருக்கிறது. கீழே குனிந்து பார்த்தார். ஷாக்கில் எண்ணெய்க் கசிவு இல்லை. ஸ்பிரிங் இரண்டும் ஒரே உயரம், ஒடிசல் இல்லை. கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். எந்த மூட்டிலும் ஆட்டம் இல்லை. கடைசியில் அந்த இரும்புக் கை மேல் காதை வைத்தார்.

காதுக்குள்ளேயே முனகியது.

அவர் பின்னுக்கு இழுத்துக்கொண்ட வேகத்தில் தலை பம்பரில் இடித்தது. வேப்பிலை மேலே உதிர்ந்தது.

பவளக்கொடி பட்டறைக்கு உள்ளே போனாள். அவரும் தலையைத் தடவிக்கொண்டே பின்னால் போனார்.

“மேஸ்திரி, எல்லாம் புதுசு. நானேதான் போட்டேன். என் பலம் அத்தனையும் போட்டு முடுக்கினேன். இனி முடுக்க இடமில்லைங்கிற வரைக்கும் முடுக்கினேன். எங்க தப்பு?”

“எப்படி வச்சு முடுக்கினீங்க?”

“ஜாக்கியில தூக்கி. வேற எப்படி?”

“சக்கரம்?”

“கழட்டியாச்சே. அந்த இரும்புக் கை அந்தரத்துல தொங்குச்சு. அப்பத்தானே ஸ்பேனர் நல்லா நுழையும்.”

அவள் வாளியில் ஒரு துண்டை முக்கிப் பிழிந்தாள்.

“பெஞ்சுல படுங்க.”

“எதுக்கு மேஸ்திரி?”

“படுங்கண்ணா.”

படுத்தார். அவர் காலை நீட்டச் சொல்லி, தொடையிலிருந்து முழங்கால் வழியாகக் கெண்டைக்கால் வரை அந்த ஈரத்துண்டை இழுத்துச் சுற்றினாள். முடிச்சுப் போடும்போது பெஞ்சில் காலை ஊன்றி இழுத்தாள். கை அவ்வளவு முரடு.

“வலிக்குதா?”

“இல்லை. கச்சிதமா இருக்கு.”

“எந்திரிச்சு, சுவரோரம் கெடக்குற அந்தச் சக்கரத்துக்கிட்டக் குந்துங்க. குந்தினபடியே தூக்கி மடியில வைங்க.”

வையாபுரி குந்தினார். மடங்க மறுத்த முழங்காலை மடக்கினார். சக்கரத்தின் கனம் மடியில் ஏறியது. துண்டு தொடைச்சதைக்குள் இறங்கி, ரத்தம் ஓட வழியில்லாமல் கால் விண்ணென்று தெறித்தது. அவர் வைராக்கியக்காரர். பல்லைக் கடித்தார். பல்லுக்கு அடியிலிருந்து, அவரைக் கேட்காமலேயே, நீளமாக ஒரு சத்தம் வெளியே வந்தது.

வெளியே புளியமரத்தடியில் சீரங்கன் சொன்னது கேட்டது. “பார்த்தியா பூவாயி, மறுபடி முனகுது.”

வாசலில் நிழல் தட்டியது. பூவாயி நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. முதலில் காரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு மடியில் சக்கரத்தோடு குந்தியிருக்கும் வையாபுரியைப் பார்த்தாள்.

“நீங்களா?”

“நான்தான் கண்ணு” என்றார் அவர், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

“அச்சு அசல் அதே சத்தம்” என்றாள் பூவாயி. சொல்லிவிட்டுக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

பவளக்கொடி முடிச்சை அவிழ்த்தாள். துண்டு தளர்ந்ததும் வையாபுரியின் வாயிலிருந்து ஒரு பெருமூச்சு போனது. அவரை எழுந்திருக்க விடவில்லை அவள். சக்கரம் மடியில் இருக்கும்போதே, கால் மடங்கியபடியே, அதே துண்டை அதே இடத்தில் மறுபடி சுற்றினாள். மறுபடி காலை ஊன்றி இழுத்து முடிந்தாள்.

“இப்ப?”

வையாபுரி உடம்பை அசைத்துப் பார்த்தார். சக்கரத்தை மடியில் ஏந்திக்கொண்டு இப்படியும் அப்படியும் சாய்ந்தார். முழங்காலுக்கு ஒரு தாங்கு கொடுத்த மாதிரி இருந்தது. சத்தம் வரவில்லை.

“அதே துண்டு. அதே முடிச்சு” என்றாள் பவளக்கொடி.

அவர் சக்கரத்தை இறக்கி வைத்தார். துண்டை அவிழ்த்து வாளியில் போட்டார். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இந்தத் தரம் ஜாக்கியைத் தேடவில்லை.

பட்டறையின் ஓரத்தில் ஆள் இறங்கி நிற்கிற பள்ளம் ஒன்று உண்டு. சீரங்கன் காரை அதன் மேல் கொண்டுவந்து நிறுத்தினான். நாலு சக்கரமும் தரையில். வையாபுரி பள்ளத்துக்குள் இறங்கினார். உள்ளே இருட்டாகவும் ஜில்லென்றும் இருந்தது. தலைக்கு மேல் காரின் வயிறு. அவர் தலையைத் தூக்கியதும், காத்திருந்த மாதிரி அது ஒரு தரம் மெதுவாக முனகியது.

“கழட்டுறேன் மேஸ்திரி.”

“கழட்டுங்க.”

அவர் முடுக்கியது அவருக்கே அசையவில்லை. ஸ்பேனர் காம்பில் நீளக் குழாய் ஒன்றை மாட்டித் தொங்கினார். போல்ட் கிறீச்சென்று ஒரு சுற்று இளகியது.

அந்தக் கணத்தில் இரும்புக் கை தானாகத் திரும்பியது. யாரும் தொடவில்லை. வையாபுரி கண்ணால் பார்த்தார். முறுகிக் கிடந்த ரப்பர் தன்னை அவிழ்த்துக்கொண்டு புரண்டது. நீண்ட ஒரு மூச்சு வண்டிக்கு அடியிலிருந்து வெளியே போய்க்கொண்டே இருந்தது. வண்டியின் பின்பக்கம் ஒரு விரற்கடை கீழே தணிந்தது. நெடுநேரம் நின்றுகொண்டிருந்த ஒருவர் கடைசியில் உட்கார்ந்ததைப் போல.

பிறகு அந்த இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. மலைப்பாதையில்கூட வண்டி வரவில்லை.

சீரங்கன் இரண்டடி பின்னால் நகர்ந்திருந்தான். “போயிட்டாங்களா?” என்றான்.

யாரைக் கேட்டான் என்று தெரியவில்லை.

பூவாயி காதைப் பொத்தவில்லை. அவள் கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கின.

“அம்மா போகையில நான் பக்கத்துல இல்லக்கா” என்றாள். “மிளகுக்கொடியில ஏணி வச்சு ஏறி நின்னேன். கடைசி மூச்சை நான் கேக்கல.” கொஞ்ச நேரம் அந்தக் காரையே பார்த்தாள். “இப்பக் கேட்டுட்டேன்.”

பள்ளத்துக்குள் வையாபுரியின் கையில் மயிர் சிலிர்த்து நின்றது. அவர் மெல்ல மேலே தலையை நீட்டினார். பூவாயிக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“மேஸ்திரி, ஒண்ணு கேக்கணும். மறைக்காம சொல்லுங்க. அது ரப்பரா, அந்தம்மாவா?”

“முடுக்கிட்டீங்களா?”

“இன்னும் இல்ல. தொங்கவிட்டு முடுக்கினதுதான் தப்பு. மேல கனம் வச்சுத்தான் முடுக்கணும், இப்பத் தெரியுது. அந்த மணல் மூட்டை ரெண்டைப் பின்னால போட்டுட்டு முடுக்கிடுறேன்.”

“இது மூட்டை ஏத்துற வண்டியாண்ணா?”

“ஆளு ஏறுற வண்டி.”

பவளக்கொடி சீரங்கனைப் பார்த்தாள். அவன் புரிந்துகொண்டு, தயங்கித் தயங்கி வந்து, தன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியில் பின் சீட்டு தெரியும். அவன் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

ஒரு மனுசக் கனம் ஏறியதும் வண்டி லேசாகத் தணிந்தது. முனகவில்லை. போல்ட்தான் இன்னும் முடுக்காமல் கிடக்கிறதே. வையாபுரி பள்ளத்துக்குள் ஸ்பேனரை மாட்டிக்கொண்டு, பதிலுக்குக் காத்து நின்றார்.

பவளக்கொடி வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் இடப்பக்கப் பின்கதவைத் திறந்தாள். சீட்டின் மேலிருந்த தூசியைப் புறங்கையால் தட்டிவிட்டாள்.

“பூவாயி, இங்க வந்து கொஞ்ச நேரம் உட்காரு சாமி. நீ உட்கார்ந்திருக்கையிலேயே அவரு முடுக்கட்டும்.”