நரி மேட்டை உடைத்த நாள்

சுள்ளிவாய் ஏரியில் ஒரு நரியும், ஒரு நீர்நாய்க் குடும்பமும், ஆமைகளும் நண்டுகளும் தவளைகளும் குடியிருந்தன. ஏரி என்பதெல்லாம் பேருக்குத்தான்! தண்ணீர் வரும் வாய்க்கால் தூர்ந்து போயிருந்தது. கணுக்கால் நனைந்தால் அதுவே பெரிய விஷயம். மீனைக் கண்ணால் பார்த்து வெகு நாளாகிவிட்டது.

அங்கே ஊர்த்தலைவர் வக்கணை என்ற நரியார். பேருக்கேற்ற வாய்! ஏரி நடுவில் பழைய கருவேல மரங்கள் கூட்டமாக நின்றன. கரையிலிருந்து அந்த மரங்கள் வரைக்கும் நீளமாக ஒரு மண்மேடு ஓடியது. அந்த மேட்டுக்குள்தான் நரியாரின் வளை. அவருடைய அப்பா தோண்டியது. மழைக்கு நனையாது, வெயிலுக்குச் சுடாது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நரியார் லேசில் நிறுத்த மாட்டார்.

ஒருநாள் காலையில் கயலி என்ற தாய் நீர்நாய் அழுதுகொண்டே வந்தாள்.

"தலைவரே! என் பிள்ளைங்க ரெண்டும் ஆத்துக்குப் போறேன்னு நிக்குதுங்க. ஆத்துல முதலை கிடக்கு. போனா திரும்பி வருமான்னு யாருக்குத் தெரியும்? இங்கேயே இருங்கடான்னு சொல்லலாம். இங்க என்ன திங்கறதுன்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

நரியார் தாடையைச் சொறிந்தார்.

அந்த நேரம் பார்த்துத் தரை அதிர்ந்தது. காட்டு ராஜா அனுப்பிய யானைகள்! முன்னால் வந்தவள் பெரிய பெண் யானை. எல்லாருக்கும் அவள் யானைப் பெரியம்மா.

"கேட்டுக்கோங்க!" என்றாள் பெரியம்மா. "கூழைக்கடாக் கூட்டம் ஒண்ணு கூடு கட்ட இடம் தேடுது. அதுங்க தூரத்து ஏரியிலெல்லாம் மீன் பிடிச்சு, தொண்டைப் பையில கொண்டாந்து குஞ்சுக்கு ஊட்டும். சிந்துறதே ஒரு ஊருக்குக் காணும்! எச்சம் விழுந்த தண்ணியில மீனும் மண்டும். அதுங்க தங்குற மாதிரி இடத்தைத் தயார் பண்ற ஊருக்கு ராஜா மானியம் தர்றாரு."

"என்ன மானியம், அம்மா?"

"எங்க உழைப்புதான்! முக்கால் பங்கு வேலையை நாங்க செய்வோம். கால் பங்கை ஊர் தன் கையால செய்யணும். அது என்ன வேலைன்னு நாங்க சொல்ல மாட்டோம். வர்றவங்களுக்கு என்ன வேணும்னு நீங்கதான் யோசிக்கணும்."

"ஆகா! அதுக்கென்ன, அமர்க்களப்படுத்திடுவோம்!" என்றார் நரியார்.

அடேயப்பா, அந்த யானைகள் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டுமே! தந்தத்தால் மண்ணைக் கிளறின. தும்பிக்கையால் பாறையைப் புரட்டின. தூர்ந்து கிடந்த வாய்க்காலைக் காடு தாண்டி ஆறு வரைக்கும் திறந்துவிட்டன. தண்ணீர் முதலில் ஒரு நூலாக வந்தது. அப்புறம் சலசலவென்று வந்தது. அப்புறம் நுரை கட்டிக்கொண்டு, மரமெல்லாம் நடுங்க, ஓவென்று வந்து ஏரிக்குள் இறங்கியது! தவளைகள் கத்த மறந்து பார்த்துக்கொண்டிருந்தன. வயதான ஆமை ஒன்று தண்ணீரில் தலையை வைத்து, "ஆத்தாடி, இத்தனை தண்ணியா!" என்று அழுதேவிட்டது.

இந்தப் பக்கம் நரியார் ஊருடைய கால் பங்கு வேலையை நடத்தினார். என்ன வேலை தெரியுமா? வரவேற்பு வளைவு! சுள்ளியும் குச்சியும் கொடியுமாகப் பின்னி, உயரமாக ஒரு வளைவு. அதன் மேலே பூ. கீழே மணல் பரப்பி, தவளைகளுக்குப் பாட்டு ஒத்திகை வேறு.

"தலைவரே, பறக்கிறவங்களுக்கு வாசல் எதுக்கு?" என்று ஒரு நண்டு கேட்டது.

"வர்றவங்களை மரியாதையா வரவேற்க வேண்டாமா? போய்க் குச்சி பொறுக்கு!" என்றார் நரியார்.

இடம் பார்த்துப் போக ஒரு கூழைக்கடா வந்தாள். பெரிய உடம்பு, நீளமான அலகு, அலட்டிக்கொள்ளாத நடை. ஏரி நிறையத் தண்ணீரைப் பார்த்ததும் அவள் அலகு திறந்தபடியே நின்றது.

"எத்தனை அழகான ஏரி! தண்ணிக்கு நடுவுல மரம்! இதுக்காக நாங்க தேடாத இடமில்லை!"

கயலி தன் பிள்ளைகளைக் கட்டிக்கொண்டாள். நரியாருக்கு மார்பு விரிந்தது. "வாங்க, வளைவைப் பாருங்க!" என்று கூப்பிட்டார்.

கூழைக்கடா வளைவைப் பார்க்கவில்லை. மண்மேட்டைப் பார்த்தாள். தண்ணீர் எத்தனை உயர்ந்தும் அது மூழ்காமல் கரைக்கும் மரத்துக்கும் நடுவில் பாலம் போட்டுக் கிடந்தது.

"இது யாரு நடக்கிற வழி?"

"என் வழிதான். என் வீடே அதுக்குள்ளதான். கவலையே வேண்டாம்! உங்க குஞ்சை நான் தொட மாட்டேன். சத்தியம்!"

"உங்க சத்தியத்தை நான் நம்பறேன், ஐயா. நாளைக்கு உங்க பேரன் பசியோட இந்த வழியா வந்தா? ஊர் தெரியாத காட்டுப்பூனை வந்தா? நாங்க சத்தியத்து மேல முட்டை வைக்கறதில்லை. சுத்திலும் தண்ணி இருந்தாத்தான் வைப்போம்."

"அம்மா, கொஞ்சம் யோசிங்க!" என்று கயலி கெஞ்சினாள்.

"நாளைக்குச் சாயங்காலம் எங்க கூட்டம் இந்த வழியாத்தான் பறக்கும். மேலேருந்து ஒரு தடவை பார்ப்போம். மேடு இருந்தா நிக்க மாட்டோம்." சொல்லிவிட்டுக் கூழைக்கடா பறந்துபோனாள்.

நரியார் யானைப் பெரியம்மாவிடம் ஓடினார். "அம்மா, ஒரே ஒரு மிதி மிதிங்க! மேடு கரைஞ்சிடும்."

பெரியம்மா தலையை ஆட்டினாள். "எங்க பங்கு முடிஞ்சுதுப்பா. அதுவும் இல்லாம அது உன் வீடு. ஒருத்தர் குடியிருக்கிற வீட்டை மிதிக்கச் சொல்லி ராஜா எங்களுக்கு உத்தரவு தரலை. தரவும் மாட்டாரு." யானைகள் வந்த வழியே திரும்பிப் போய்விட்டன.

நரியார் வளைக்குள் போய்ப் படுத்தார். படுத்தாரே தவிர உறக்கம் எங்கே வந்தது? அப்பாவின் நகம் பட்ட சுவரை முகர்ந்து முகர்ந்து பார்த்தார். இதை விட்டால் எனக்கு என்ன இருக்கு, நான் எங்கே போவேன் என்று தனக்குள்ளேயே புலம்பினார்.

மறுநாள் வாசலில் குரல் கேட்டது. கயலியின் பிள்ளைகள் இருவரும் நின்றார்கள். பின்னால் கயலி, முகம் வீங்கிப்போய்.

"மாமா, நாங்க ஆத்துக்குக் கிளம்பிட்டோம். சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

நரியார் அவர்களைப் பார்த்தார். குட்டியாக இருந்தபோது தன் வாலைப் பிடித்துத் தொங்கிய பிள்ளைகள். இன்றைக்கு இவர்கள், நாளைக்குத் தவளைகள், அப்புறம் ஆமைகள். காலி ஏரிக்கு நடுவில் நனையாத வீட்டில் தான் மட்டும்.

"நில்லுங்கடா!" என்று கத்தினார். "சாயங்காலம் வரைக்கும் நில்லுங்க! இது என் உத்தரவு!"

சொன்னவர் திரும்பித் தன் வளையின் கூரையிலேயே நகத்தை ஊன்றினார்.

"தலைவரே, என்ன செய்றீங்க? அது உங்க அப்பா வீடு!" என்று பதறினாள் கயலி.

"தெரியும்மா. அதனாலதான் நானே தோண்டறேன்!"

கண்ணீர் ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். நரியார் தோண்டினார். நீர்நாய்கள் பாய்ந்து வந்து மறுபக்கம் தோண்டின. நண்டுகள் துளை போட்டன. ஆமைகள் மண்ணைத் தள்ளின. அத்தனை வாய் பேசும் தலைவர் பேசாமல் தோண்டுவதைப் பார்த்து எல்லாருக்கும் புல்லரித்தது!

பொழுது சாயும் நேரம் மேடு நடுவில் விண்டது. தண்ணீர் வளைக்குள் புகுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கம் பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் அங்கே வீடு இருந்த தடமே இல்லை. கருவேல மரங்கள் தண்ணீருக்கு நடுவே தனியாக நின்றன. நரியார் சொட்டச் சொட்ட நனைந்து கரையில் உட்கார்ந்திருந்தார்.

அப்போது வானம் இருட்டியது. மேகம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மேகமா அது? இறக்கைகள்! அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை இறக்கைகள்! வெயில் பட்டு வெள்ளை வெளேரென்று மின்னிக்கொண்டு, காற்றெல்லாம் உஸ்ஸென்று இரைய, கூழைக்கடாக்கள் ஏரியை ஒரு வட்டம் வந்தன. ஒருத்தரும் மூச்சு விடவில்லை. இரண்டாவது வட்டம் வந்தன. பிறகு ஒன்று இறங்கியது. அப்புறம் மொத்தக் கூட்டமும் மரத்தின் மேல் இறங்கியது! கிளைகள் வளைந்தன, தண்ணீர் தளும்பியது. பாட வேண்டிய தவளைகள் பாட்டை மறந்து வாய் பிளந்து நின்றன.

முன்பு வந்த கூழைக்கடா தாழப் பறந்து வந்து நரியார் முன்னால் ஒரு மீனைப் போட்டாள். "மேலேருந்து பார்த்தேன், ஐயா. உங்க வீடு இருந்த இடத்துல தண்ணி நிக்கறதைப் பார்த்தேன்" என்றாள்.

"போகலை மாமா, நாங்க எங்கேயும் போகலை!" என்று நீர்நாய்ப் பிள்ளைகள் தண்ணீரில் குதித்தார்கள். கயலி நரியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கரையில எங்க வளைக்குப் பக்கத்துல நல்ல மேட்டு நிலம் இருக்கு, தலைவரே. நாளைக்கே எல்லாரும் சேர்ந்து உங்களுக்குத் தோண்டிடுவோம்."

நரியார் பதில் சொல்வதற்குள் நண்டு அலறியது. "தலைவரே! தலைவரே! வளைவு போகுதே!"

ஆமாம், கூழைக்கடாக்கள் கூடு கட்டுவதற்காக வளைவிலிருந்து குச்சி குச்சியாக உருவிக்கொண்டு போயின. பூவையெல்லாம் உதறிவிட்டுக் குச்சியை மட்டும் எடுத்தன.

நரியார் விழுந்து விழுந்து சிரித்தார். "போகட்டும் விடு! இப்பத்தான் அது உருப்படியான வேலைக்கு ஆச்சு!"

நம்மை நம்பி வரச் சொல்லி ஒருவரை அழைத்தால், அவர் அஞ்சுகிற வழியை முதலில் நம் கையாலேயே அடைக்க வேண்டும்.